மொத்தம் பிறந்த பிள்ளைகள்

ஒரு பெண்மணி என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் கணவரிடம் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாய் தவறிச் செய்ததல்ல. பாதியில் நிறுத்திக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதைக் கொடுத்தவரும் அந்தக் கணவர்தான். நான் எடுத்துக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயரை எழுத மாட்டேன். ஊர்ப் பெயர்களில் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் அதையாவது ஒப்புக்கொள்வார்.

நான் பார்த்த வேலை குடும்ப ஆய்வு. ஒரே குடும்பங்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டது, யார் இறந்தார், யார் கோபித்துக்கொண்டு போனார் என்று கேட்டு எழுதுவது. ஐந்து வயதில் ஒரு பிள்ளை எப்படிப்பட்ட வீட்டில் இருந்தது, முப்பது வயதில் அது என்ன ஆனது என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் என் பொறுப்பு. நடுவில் ஒரு குடும்பம் பதில் சொல்ல மறுத்துவிட்டால் அதை 'விட்டுப்போன வீடு' என்போம். என் பகுதியில் விட்டுப்போன வீடே கிடையாது. அதில் எனக்கு மிகுந்த கர்வம் இருந்தது.

கள்ளிக்குப்பத்தில் அந்த அம்மாவின் வீட்டுக்கு முதல் சுற்றில் போனபோது, அவர் வாசலில் ஒரு கோணிப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு பட்டறையிலிருந்து போல்ட்டும் வாஷரும் நட்டும் வரும். போல்ட்டில் வாஷரைப் போட்டு, நட்டை இரண்டு சுற்று சுற்றி, டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்து, அதன் திருகு மரையைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு முறை தடவிப் பார்த்த பிறகுதான் வாஷரைப் போட்டார். சிலவற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"பட்டறையிலயே பாத்துதானேம்மா அனுப்புவாங்க?" என்று பேச்சை ஆரம்பித்தேன்.

"அவன் பாத்தான்னு நீ பாத்தியா?" என்றார், தலையை நிமிர்த்தாமல். பிறகு, "இன்னா சார் வோணும்? ஓட்டா, லோனா?"

"ரெண்டும் இல்லம்மா. குடும்பங்களைப் பத்தி ஒரு ஆய்வு..."

"ரெண்டும் இல்லன்னா இன்னாத்துக்கு வெயில்ல வந்துகீற?"

அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இத்த அடிக்க எம்மா நேரம் ஆவும்? சொன்னா நானே அரை மணில ஒண்ணு அடிச்சினு வந்து உன் ஊட்டாண்ட நிப்பேன்."

"அதுல ஆபீஸ் நம்பர் இருக்கும்மா. போன் பண்ணிக் கேட்டுப் பாருங்க."

"அந்த நம்பரும் நீ அடிச்சதுதானே?"

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவர கொஞ்சம் பாத்துக்க. எங்கியும் வுடாத," என்று என்னை ஒப்படைத்துவிட்டு, தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனார். அங்கே டைரக்டரியை வாங்கி, எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடச் சொல்லி, அதிலிருந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். அப்படி ஒருவர் வேலை செய்கிறாரா என்று மட்டும் கேட்கவில்லை. ஆள் பார்க்க எப்படியிருப்பார் என்றும் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"மூக்காண்ட மச்சம் கீதுன்னாங்க. அப்டிக்கா திரும்பு."

திரும்பினேன். பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மச்சத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கேளு. ஆனா நீ கேக்கறத எல்லாம் நானும் கேப்பேன். நீயும் பதில் சொல்லணும்."

என் வேலைக்காலம் முழுவதிலும் வேறு எந்த வீட்டிலும் யாரும் போடாத நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேர் என்றார்: அவர், லேத் ஓட்டும் கணவர், ஒரு மகன், ஒரு மகள். "உன் ஊட்ல?" என்றார். எங்கள் வீட்டிலும் நாலு பேர் என்றேன். நான், மனைவி, மகன், என் அம்மா. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து நான் மறுபடியும் போய் நின்றபோதுதான், எழுதாமலே அவரிடம் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது.

"இன்னா சார், ஊட்ல நாலு பேரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்மா."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க."

ஒரு போல்ட்டை நகத்தால் தடவினார். "நேத்து அம்மாவுக்கு இன்னா கொயம்பு வெச்சீங்க?"

சாம்பார் என்றேன். பிறகு, இல்லை, வத்தக்குழம்பு என்றேன்.

"அப்ப அம்மா ஊட்ல இல்ல," என்றார்.

உண்மைதான். என் அம்மா அப்போது பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். என் அலுவலகத்தில்கூட யாருக்கும் தெரியாது. அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "மூணுன்னு வெச்சிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார். சொந்த வீட்டைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு, அடுத்தவர் வீட்டைப் பற்றிய உண்மையை எழுதிக்கொண்டு போனேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழம்புக் கேள்வியை நான் திருடிக்கொண்டேன். ஒரு வீட்டில் மெய்யாகவே யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, நேற்று யார் யாருக்குச் சமைத்தீர்கள் என்று கேளுங்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தேன். பயிற்சிக் கையேட்டிலும் அது என் பெயரில் ஏறியது.

அவருடைய சந்தேகத்தில் வஞ்சம் கிடையாது. எதுவானாலும் தொட்டுப் பார்க்காமல் ஏற்பதில்லை, அவ்வளவுதான். அரிசி டப்பாவை மூடும்முன் அரிசியின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு மூடுவார்; திறக்கும்போது கோடு இருக்க வேண்டும். நாங்கள் நன்றிக்காகக் கொடுத்த எவர்சில்வர் சொம்பில் பட்டறைக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. "மட்டம்," என்று பரணில் போட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இதே உங்க ஊட்டம்மாவுக்கு வந்தா இத்தத்தான் குடுப்பியா?" என்று கேட்பாராம்.

பின்னாளில் மகனுக்குப் பெண் பார்த்த கதையைப் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சம்பந்தம் பேச வானகரத்துக்குப் போகும்முன், இந்த அம்மா தனியாக ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போய், வாடகைக்கு வீடு தேடுகிறவர்போல அலைந்திருக்கிறார். கடைசியில் துணி தேய்க்கிறவரிடம் நின்று பேசிவிட்டு வந்து, சரி என்று சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, தேய்க்கறவர்கிட்டயா விசாரிப்பாங்க?" என்று நானே கேட்டேன்.

"எந்தத் துணி கியிஞ்சிது, எந்தத் துணில ரத்தம் கீது, எவன் குட்ச்சிட்டு வாந்தி எட்த்தான்னு அவனுக்குத்தான் சார் தெரியும். ஐயிரு ஜாதகத்த பாப்பாரு, இவன் காலரப் பாப்பான்."

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது எனக்கு. ஒரு மனுஷி இத்தனை காவல் போடுகிறார் என்றால் உள்ளே எதையோ வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில்தான் அது வந்தது. அந்தச் சுற்றில் படிவத்தில் ஒரு புதிய பகுதி: மொத்தம் பிறந்த பிள்ளைகள். உயிரோடு இருப்பவை, இறந்தவை, வீட்டில் இருப்பவை, வெளியே இருப்பவை, எல்லாவற்றையும் பெண்களிடம் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். கணவரும் பிள்ளைகளும் இல்லாத ஒரு முற்பகல். நான் கேள்வியைப் படித்தேன். அவர் கையிலிருந்த நட்டை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே போனார்.

"இத்த யாரு படிப்பாங்க?"

"பேர் யாருக்கும் தெரியாதும்மா. பேர் எழுதுற சீட்டு தனி. அதைக் கிழிச்சு இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டிடுவோம். இதுல வெறும் வீட்டு நம்பர்தான் இருக்கும்."

"கியி. நான் பாக்கறேன்."

அவர் முன்னாலேயே கிழித்தேன். சீட்டு ஒரு பக்கம், படிவம் ஒரு பக்கம். இரண்டையும் கையில் வாங்கி, படிவத்தில் எங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டித் தேடினார். இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னார்.

"மூணுன்னு எய்து."

முதலில் பிறந்தது ஒரு பெண். கல்யாணத்துக்கு முன்னால். நசரத்பேட்டையில் இருக்கும் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அங்கே அக்கா மகளாக வளர்கிறது. பதினெட்டு வயது. கணவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போவார். "சித்தின்னு கூப்புடும். தலை பின்னி வுடுவேன். எண்ணெ வெச்சா புடிக்காது அதுக்கு."

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பன் யாருன்னு உன் பேப்பர்ல கேள்வி கீதா?"

"இல்லம்மா."

"அப்ப வுடு."

ஏன் சொன்னீர்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ரேசன் கார்டுல அக்கா பேரு. இஸ்கூல்ல அக்கா பேரு. பொறந்த சர்ட்டிபிகேட்லயும் எப்டியோ அக்கா பேருதான். நான் பெத்தேன்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல. எங்கியாச்சும் ஒரு எடத்துல மெய்யா இருக்கட்டும் சார். யாரும் பாக்காத எடமா இருந்தா நல்லதுதான்."

படிவத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'தனியாக மட்டும் கேட்கவும்' என்று எழுதினேன். அடுத்த இரண்டு சுற்றுகளிலும் அந்தப் பென்சில் வரியைப் பார்த்து, அவர் தனியாக இருக்கும் நேரமாகப் போனேன். ஐந்தாவது சுற்றில் அந்தப் பெண்ணுக்கு நசரத்பேட்டைக்குள்ளேயே கல்யாணம் ஆகியிருந்தது. "பந்தில நானே பரிமாறுனேன்," என்றார்.

ஆறாவது சுற்றில் காகிதம் போய் டேப்லெட் வந்தது. பழைய படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றினார்கள். ஓரக் குறிப்புகளையும் ஏற்ற வேண்டுமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். வேண்டாம், அது அவரவர் கிறுக்கல் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் சுற்றின் கடைசி நாள். என் பகுதியில் பாக்கி அந்த ஒரே வீடு. இரண்டு முறை போயும் அந்த அம்மா இல்லை; பட்டறைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். மூன்றாவது முறையும் இல்லை. கணவர் இருந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டவர். லேத் சத்தத்திலேயே காலம் போனதால் காது மந்தம். அவரிடமே கேட்டு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிறப்பு விவரத்தைப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நான் இருந்தேன்.

"பிள்ளைங்க மொத்தம் எத்தனை சார்?"

"ரெண்டு."

டேப்லெட்டில் சிவப்பாக ஒரு வரி வந்தது. முந்தைய சுற்று: மூன்று. இப்போது: இரண்டு. சரிபார்க்கவும். சரிபார்க்காமல் அடுத்த பக்கம் போகாது. 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் என் பகுதியில் ஒரு வீடு முடியாத வீடாகக் காட்டும். நான் அழுத்தவில்லை.

"மூணுன்னு இருக்கே சார்," என்றேன். காது கேட்காதவர் என்பதால் சத்தமாக.

"இன்னாது?"

"மூணு! முதல் பொண்ணு, வெளியே வளர்ந்தது, நசரத்பேட்டைன்னு போட்டிருக்கு!"

அவர் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வேற எவன் ஊட்டுதோ படிக்கிற சார் நீ. நல்லாப் பாரு."

இதுதான் நான் முன்பே சொன்ன சந்தர்ப்பம். ஆமாம் சார், வீட்டு நம்பர் மாறிப்போச்சு என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோசம் வந்தது. முப்பது வருட வேலையை ஒரு லேத்துக்காரர் தப்பு என்கிறார் என்று தோன்றியது.

"எங்க ரெக்கார்டுல தப்பு வராது சார்," என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது கேட்டருகே அந்த அம்மா நின்றிருந்தார், இடுப்பில் கோணிப்பையோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பையை மெதுவாக இறக்கினார். என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. நகத்தால் தடவிவிட்டு ஓரமாக ஒதுக்குவாரே, அந்த போல்ட்டைப் பார்க்கிற பார்வை.

"எய்ந்திரு சார்," என்றார். "போ."

அதன் பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அறிந்தேன். கணவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. மனைவி கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தானே கஞ்சி வைத்துக் குடித்தார். ஒரு நாள் மகனை நிற்கவைத்து வெகுநேரம் முகத்தைப் பார்த்தாராம். மகன், "இன்னா நைனா, புச்சா பாக்கறமாரி பாக்கற?" என்று கேட்க, எழுந்து போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போய் அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறார். காது மந்தமானவர் கேட்டால் தெருவே கேட்கும். அக்கா, தங்கைக்குச் சொல்லி அனுப்பினார்: இனிமேல் இந்தப் பக்கம் வராதே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது போய்விட்டது.

வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சோதித்துப் பார்த்த மனுஷியை இப்போது அந்த வீட்டில் எல்லோரும் சோதித்தார்கள்.

பரிகாரம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்த வழியில் செய்தேன். நிறுவனத்தின் கடிதத்தாளில், உங்கள் வீட்டு விவரத்தோடு வேறொரு வீட்டின் விவரம் தவறாகக் கலந்துவிட்டது, வருந்துகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யாக இருக்கக் கூடாதே என்று, கணினியில் திருத்தப் படிவம் ஒன்றையும் நிரப்பினேன். மூன்று என்பது இரண்டு ஆயிற்று. காரணம்: பதிவுப் பிழை. அந்த முதல் பெண்ணின் வரி போய்விட்டது. காகிதப் படிவங்களை ஏற்கெனவே கூழாக அரைத்துவிட்டிருந்தார்கள்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கு தப்பே வராதுன்ன. இன்னிக்கு தப்புன்ற. எந்த நாளு சார் பொய்?"

"இன்னைக்குச் சொல்றதுதான் சார் நிஜம்."

"நீ ரெண்டு நாளும் ஒரே மூஞ்சிய வெச்சினுதான் சார் பேசற," என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். அந்த அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் அந்தக் கடிதத்தின் நகல். அந்த அம்மாவின் கணவர் அதையும் நசரத்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போய் எது நிஜம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் மேலே இருந்த முகவரியைப் பார்த்து இவர் வந்திருக்கிறார்.

"சார், எங்க சித்தி ஏதோ சொல்லி நீங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னாங்க. என்னைப் பத்தி. அத நான் பாக்கலாமா?"

காட்டக் கூடாது. அது விதி. ஆனால் நான் என் பரிகாரத்தில் மும்முரமாக இருந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "பாரும்மா. ரெண்டு பிள்ளைங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு, வீட்ல இருக்கற பொண்ணு. வேற யாரும் இல்ல. எங்க தப்பு அது."

"முன்னாடி வேற மாதிரி இருந்துச்சா சார்?"

"இல்லம்மா."

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே கள்ளிக்குப்பத்துக்கு ஓடினேன். ஆம், கிட்டத்தட்ட ஓட்டம்தான். நல்ல சேதி கொண்டுபோவதாகவே நினைத்தேன். கணவர் வெளியே போயிருந்தார். அந்த அம்மா கோணிப்பையின் முன்னால் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். பொண்ணு வந்தது, காட்டினேன், இல்லை என்று நம்பிவிட்டது, இனிமேல் அக்கா வீட்டுக்குப் போக வர இருக்கலாம்.

"காட்டுனியா? எத்த காட்டுன?"

"இப்ப ரெண்டுதாம்மா இருக்கு. மாத்திட்டேன்."

"மொதல்ல எய்துனது?"

"அது... எடுத்துட்டேன்மா."

"பேப்பரு?"

"பேப்பரும் இல்ல."

அவர் கையிலிருந்த வாஷரைக் கீழே வைத்தார். அந்த ஒரே இடத்தில் எழுதியிருக்கட்டும் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இல்லன்னு சொன்ன இல்ல, அப்ப அது மூஞ்சி எப்டி கீது?"

"என்னம்மா?"

"அப்பாடான்னு இருந்துச்சா, இன்னா இப்டி ஆய்டுச்சேன்னு இருந்துச்சா?"

நான் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுதும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதே பிழைப்பாக இருந்தவனிடம் அவர் கேட்ட ஒரே முக்கியமான கேள்வி அது. "தெரியலம்மா," என்றேன்.

"இனிமே எனக்கு நீ ஒண்ணியும் செய்யாத சார்," என்றார். "நல்லதும் செய்யாத."

வாஷரை எடுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன். அவர் சொன்னபடி எதுவும் செய்யவில்லை. நசரத்பேட்டைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல முறை நினைத்தேன். பஸ் ஸ்டாப் வரை ஒரு முறை போனேன். யார் கேட்டார்கள் என்னை என்று திரும்பினேன். அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றேன். விழாவில், விட்டுப்போன வீடே இல்லாதவர் என்று பாராட்டினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்று நடந்தபோது என் இடத்துக்கு வந்திருந்த அம்மையார் எனக்குப் போன் செய்தார். வீட்டு எண்ணை மட்டும் சொன்னார். அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

"சார், இந்த வீட்ல ரெண்டு பிள்ளைங்கன்னு உங்க பேர்ல ஒரு திருத்தம் இருக்கு. இப்ப அந்த அம்மா மூணுன்றாங்க. சிவப்பு வரி வந்து நிக்குது. எதை வெக்கறது?"

"தனியா கேட்டீங்களா?"

"தனியாத்தான் கேக்கணும்னு நான் சொன்னேன் சார். அவங்கதான் ஒத்துக்கல. வீட்டுக்காரரைக் கூப்ட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு, அவர் காதாண்ட போய் 'மூணு'ன்னு கத்துனாங்க. அப்புறம் என்னைப் பாத்து, எய்திக்கோன்னாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா எழுந்து போகல சார்."

வெளியே இருக்கும் பிள்ளையைக் கடந்த ஒரு வருடத்தில் பார்த்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்லன்னாங்க. ஆனா அட்ரஸ் கேட்டப்ப கதவு நம்பர், எத்தனாவது மாடி, எதிர்ல என்ன கடைன்னு எல்லாம் சொன்னாங்க சார்."

"மூணுதான் சரி," என்றேன். "என் திருத்தம் பொய். தெரிஞ்சே செஞ்சது. எழுதிக் கேட்டாலும் எழுதித் தரேன்."

"சார், அப்ப உங்க மத்த திருத்தங்கள்?"

"சந்தேகப்படுங்கம்மா. எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க."

தொட்டுப் பார்த்தார்கள். என் பெயர் இருந்த ஒவ்வொரு பதிவையும் வெளியே எடுத்து, மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். மாதக்கணக்கில் எனக்குக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பழைய சகாக்கள் வழியில் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக் கையேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். குழம்புக் கேள்வி மட்டும் இருக்கிறது. அது என்னுடையதாக என்றைக்கும் இருந்ததில்லை.

அன்றைக்குப் போனை வைக்கும்முன் அந்த அம்மையார் தயங்கினார்.

"சார், அந்த அம்மா உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. உங்க வீட்ல இப்ப எத்தனை பேர்னு."

அம்மா இறந்து பல வருடம் ஆகிறது, அந்த இல்லத்திலேயே. மனைவி போய் இரண்டு வருடம். மகன் வெளிநாட்டில்.

"ஒருத்தர்னு சொல்லுங்க."

"நீங்க எத்தனை சொன்னாலும், நேத்து என்ன குழம்புன்னும் கேக்கச் சொன்னாங்க."

"குழம்பு வெக்கலம்மா," என்றேன். "ஒரு ஆளுக்கு யார் வெப்பாங்க? மோரு சாதம்."

மறுமுனையில் அவர் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.